மூன்றாவது கிளைக் குழாய்

செய்தி வந்தபோது நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் சந்தோஷின் பெயர் தெரிந்தது. சந்தோஷ், நாச்சிமுத்துவிடம் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்த மராத்திக்காரர். முதலாளியோடு என் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறாரே தவிர, எனக்கு நேராக ஒருமுறைகூட அழைத்ததில்லை. அதனால் பெயரைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "மேடம், சாஹேப் நஹி ரஹே" என்றார். சாஹேப் இல்லை என்று அவர் சொன்னது என் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. புனேயை அடுத்த சாகணில் ஒரு வேலைக்குக் காலையில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனவர், வழியில் மார்பு வலித்ததும் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, அப்படியே இருக்கையில் சாய்ந்துவிட்டாராம். ஐம்பத்து நான்கு வயது. பின்னால் வருகிறவனுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று அந்த நேரத்திலும் நினைத்திருக்கிறாரே என்று தோன்றியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நம் வட்டாரத் தமிழர்கள் நடத்தும் இந்த இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களில் பலருடைய வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குள் அவருடைய காமிரா போய் வந்திருக்கிறது. தரையை வெட்டாமல், ஒரு தரைக்கல்லைக்கூடப் பெயர்க்காமல், பழைய குழாய்க்குள்ளேயே புதுக் குழாயைச் செய்து கொடுத்துவிட்டுப் போகிற மனிதர். அவர் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் உங்கள் எல்லோருக்கும் தவறாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுத ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எடுத்த எடுப்பில் அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் வங்கியில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவரும் நானும் வாகடில் இந்தத் தனி வீட்டை வாங்கியபோது சுற்றிலும் வயலும் இரண்டு டீக்கடையும்தான் இருந்தன. இப்போது மூன்று பக்கமும் இருபது மாடி. எதிர் அடுக்ககத்தில் யார் எப்போது விளக்கணைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஒருவர் பெயரும் தெரியாது. கணவர் கடைசி இரண்டு ஆண்டுகள் பின்பக்க அறையில் படுத்த படுக்கையாக இருந்து அங்கேயே இறந்தார். ஒரே மகன் பிரகாஷ் பெங்களூருவில் இருக்கிறான். கணவர் போய்ப் பதினாலு மாதம் ஆனபோது வீட்டுக்குள் நாற்றம் ஆரம்பித்தது. கூடத்தில் இரண்டு தரைக்கல் லேசாக இறங்கி, ஓரத்தில் ஈரம் கசிந்தது. பார்க்க வந்த பிளம்பர், பின்பக்கத்திலிருந்து வாசலில் உள்ள சேம்பர் என்கிற கழிவுநீர்த் தொட்டி வரை தரைக்கு அடியில் ஓடும் குழாய் உடைந்துவிட்டது, கூடத்தை நெடுக வெட்டித்தான் மாற்ற வேண்டும், ஒரு மாதம் வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரகாஷிடம் சொன்னேன். "ஒரு மாசம் எதுக்கும்மா? இங்கயே வந்துடு. தோண்டின வீட்டை யாரு திரும்ப செட் பண்றது? அப்படியே வித்துடலாம்" என்றான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. தனியாக இருக்கும் தாயைப் பற்றி நினைத்து நினைத்துப் பயப்படுகிற பிள்ளை. அதற்கு முந்தைய மாதம் பால் அடுப்பில் பொங்கி வழிந்து அணைந்து, நான் கேஸை மூட மறந்திருந்தேன். அதை என் வாயாலேயே அவனிடம் உளறியும் வைத்திருந்தேன். அது முதல் "அம்மாவுக்கு மறதி வருது" என்று அவன் மனைவியிடம் சொல்வது போனில் எனக்கே கேட்கும். ஒரு மாதத்துக்கு என்று சொல்லிப் போனால் நான் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கடப்பாரை கூடத்தில் விழும் நாள்தான் இந்த வீட்டில் என் கடைசி நாள் என்று ஆகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் யாரோ எண் கொடுத்து நாச்சிமுத்து வந்தார். பொள்ளாச்சிப் பக்கம். சாகணில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்து, வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். கூடத்தில் குனிந்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தரையை ஒடைக்க வேண்டியதில்லீங்க அக்கா" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்படிச் சொன்ன எத்தனை பேரை பேங்க்ல பார்த்திருக்கேன் தெரியுமா?" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சுங்க. என்னை நம்ப வேண்டாம். டிவியப் பாத்து முடிவு பண்ணுங்க."

வாசல் சேம்பரின் மூடியைத் திறந்து, நீளக் கம்பி முனையில் இருந்த காமிராவை உள்ளே விட்டார்கள். என் வீட்டு வண்டவாளம் முழுக்கச் சின்னத்திரையில் ஓடியது. விரிசல், உடைந்த ஓடு, அதன் வழியே தலைமுடி போல இறங்கியிருந்த வேர். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரோ சினிமா பார்க்கிற மாதிரி ரசித்துப் பார்த்தார். என்ன செய்யப் போகிறார் என்று அவர் விளக்கியது எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வேகமான தண்ணீர் அடித்து வேரையும் அடைப்பையும் எடுத்துவிடுவார்கள். பிறகு பசையில் ஊறவைத்த கம்பளித் துணிக் குழல் ஒன்றை, சட்டைக் கையை உள்பக்கம் வெளியாகத் திருப்புவது போல, காற்றடித்துக் குழாய்க்குள் தள்ளுவார்கள். அது பழைய குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே வெந்நீர் ஓடவிட்டால் சில மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். "மேல இருக்கறவங்களுக்குத் தெரியாமக் கீழ வேலை முடியோணுங்க. நம்ம தொழிலே அவ்வளவுதானுங்க" என்றார். இதை அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. புதுக் குழல் ஒட்டும்போது, பெரிய குழாயில் வந்து சேரும் கிளைக் குழாய்களின் வாயையும் சேர்த்து மூடிவிடும். குளியலறை, சமையலறை எல்லாம் அந்தக் கிளைகள் வழியாகத்தான் தண்ணீரை விடுகின்றன. ஆகவே இறுகியபின் சின்ன வெட்டும் கருவியை உள்ளே அனுப்பி, ஒவ்வொரு வாயையும் காமிராவில் பார்த்துப் பார்த்துத் திறக்க வேண்டும். எந்தக் கிளை எத்தனை அடியில் இருக்கிறது, அது ஓடுகிறதா இல்லையா என்று முன்பே ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவது நாச்சிமுத்துவின் வழக்கம். அந்தத் தாளை அவர் ஜாதகம் என்பார். "ஜாதகம் எழுதாம நான் எந்தக் கொழாயையும் தொடறதில்லீங்க."

என் வீட்டில் மூன்று கிளைகள். சந்தோஷ் ஒவ்வொரு இடமாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற, நாச்சிமுத்து திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது அடியில் சமையலறை, பத்தொன்பதாவது அடியில் பொதுக் குளியலறை. இருபத்தேழாவது அடியில் இருந்த வாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை.

"இது எங்கீங்க அக்கா இருக்குது?"

"அது ஸ்டோர் ரூம். அங்க பாத்ரூமே கிடையாது. கட்டும்போது ஏதோ விட்டுவெச்சிருப்பாங்க" என்றேன்.

அங்கே குளியலறை இருந்தது. என் கணவரின் அறையோடு சேர்ந்தது. அவர் இறந்து மூன்றாம் நாள் அந்தக் கதவைப் பூட்டிச் சாவியைப் பூஜை அலமாரியில் வைத்தவள், பதினாலு மாதமாகத் திறக்கவில்லை. உள்ளே அவருடைய கட்டில், சக்கரம் வைத்த கழிப்பறை நாற்காலி, பாதி தீர்ந்த மருந்துப் புட்டிகள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

நாச்சிமுத்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சோப்புப் படிஞ்சிருக்குதுங்களே" என்றார், என்னைப் பார்க்காமல். நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன். எதையும் மூன்று முறை கேட்பது அவர் வழக்கம். காலையில் ஒருமுறை, துணியைப் பசையில் ஊறவைக்கும் முன் ஒருமுறை, உள்ளே தள்ளும் முன் ஒருமுறை. இரண்டாம் முறையும் அதே பொய்யைச் சொன்னேன். மூன்றாம் முறை, "எதுக்கும் தெறந்து உட்றட்டுங்களா அக்கா? தண்ணி வரலைன்னா வராமப் போகட்டும்" என்று கேட்டபோது வெடித்துவிட்டேன். "என் வீட்டுல எத்தனை பாத்ரூம்னு எனக்குத் தெரியாதா? பயன்படாத வாயைத் திறந்து வெச்சா நாத்தமும் கரப்பானும் வரும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

அவர் பேனாவை எடுத்தார். பிறகு தாளில் 'மூன்றாவது கிளை ஓடவில்லை, திறக்க வேண்டாம் என்பது வீட்டுக்காரர் சொன்னது' என்று தமிழிலேயே எழுதி நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். முப்பது ஆண்டு மற்றவர்கள் கையெழுத்தைச் சரிபார்த்துப் பிழைத்தவள் நான். பொய்யான ஒரு தாளில் தெரிந்தே போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

வெந்நீர் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். காப்பி குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அவரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி சரஸ்வதி பொள்ளாச்சியில் இருந்தார், நடக்க முடியாத தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு. இவர் இங்கே ஒற்றை அறை வீட்டில். வேலையாட்களோடு மராத்தி, வாடிக்கையாளர்களோடு இந்தி.

"நேர்ல ஒருத்தருகிட்டத் தமிழ் பேசி ஒரு வாரம் ஆச்சுங்க அக்கா" என்றார்.

நான் எண்ணிப் பார்த்தேன். "எனக்குப் பத்து நாள்."

இருவரும் சிரித்தோம். அதன்பின் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மாலையில் அவர்கள் இரண்டு வாய்களைத் திறந்தார்கள், மூன்றாவதை விட்டுவிட்டார்கள். கூடத்துத் தரை அப்படியே இருந்தது. பிரகாஷால் நம்பவே முடியவில்லை. வீட்டை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது. அன்று நான் பயமில்லாமல் தூங்கினேன்.

எட்டு மாதம் கழித்துத் தீபாவளி விடுமுறைக்குப் பிரகாஷ் மனைவி, குழந்தையோடு வந்தான். "அப்பா ரூம் சும்மாதானே இருக்கு, நாங்க அங்க படுத்துக்கறோம்" என்றான். நான் சாவியைத் தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். அவனே அலமாரியில் கையை விட்டு எடுத்துவிட்டான். அரை நாள் உட்கார்ந்து அறையைத் துடைத்தான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாள் காலை தோளில் துண்டோடு அந்தக் குளியலறைக்குள் போவதைப் பார்த்தேன். 'அங்கே குளிக்காதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். அதற்கு ஒரு பதிலை நான் தயார் செய்வதற்குள் கதவைச் சாத்திக்கொண்டான்.

போக வழியில்லாத தண்ணீர் திரும்பி வந்தது. பழைய அழுக்கோடு அறைக்குள் ஏறி, கட்டிலுக்கு அடியில் போய், வாசற்படி தாண்டிக் கூடத்துக்கு வந்தது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சோபாமேல் ஏறிவிட்டாள். பிரகாஷ் இடுப்பில் துண்டோடு நின்று கத்தினான். "இங்க ஒரு பாத்ரூம் இருக்குன்னு அந்தக் குழாய்க்காரன்கிட்டச் சொன்னியாம்மா, இல்லையா?"

"சொன்னேனே" என்றேன்.

முதல் பொய்யாவது பயத்தில் சொன்னது. இது சுத்தமான கோழைத்தனம். ஆனால் அந்த நிமிடம் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. இருக்கிற அறையை இல்லை என்று சொன்ன தாயை எந்த மகன் தனியாக விட்டுவிட்டுப் போவான்? நான் அறியாமல் மறந்திருந்தால் மூளை கலங்கிவிட்டது, அறிந்தே சொல்லியிருந்தால் அதைவிட மோசம். எப்படிப் பார்த்தாலும் பெங்களூருதான்.

நாச்சிமுத்து ஹிஞ்சேவாடி நெரிசலைத் தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். பிரகாஷ் அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் ஏசினான். அவர் பையைத் திறந்து, ஜாதகத் தாள்கள் இருந்த கோப்பை எடுத்துப் புரட்டினார். என் தாள் மேலே வந்தது. பத்தடி தள்ளிச் சமையலறை வாசலில் நின்ற எனக்கே என் கையெழுத்து தெரிந்தது. அதை எடுத்து நீட்டினால் தீர்ந்தது. அவர் நீட்டவில்லை. தலையைத் தூக்கித் திறந்திருந்த அறையைப் பார்த்தார். கட்டில், சக்கர நாற்காலி, என் கணவர் இறந்த மாதத்தோடு நின்றுவிட்ட காலண்டர். அப்புறம் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கோப்பைப் பைக்குள் திரும்ப வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"தப்பு என்னுதுங்க, சார். அந்த வாயைத் தெறக்காம உட்டுட்டனுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க அக்கா. தெறக்க மறந்துட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

வெட்டும் கருவியை உள்ளே விட்டு அந்த வாயைத் திறக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. கூடத்தைக் கழுவி, பினாயில் போட்டுத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவரும் சந்தோஷும் போனார்கள். அன்று மாலையே பிரகாஷ் இணையத்தில் அவருடைய தொழிலுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதினான். 'அடிப்படை வேலையை மறந்துவிட்டார். தனியாக இருக்கும் என் அம்மாவின் வீடு சாக்கடைத் தண்ணீரில் மிதந்தது.' நீங்கள் படித்திருப்பீர்கள். அதைப் படித்துவிட்டு ஹிஞ்சேவாடியில் ஒரு பெரிய குடியிருப்புச் சங்கத்தார் அவருக்குக் கொடுப்பதாக இருந்த வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் சொல்லவில்லை, சந்தோஷ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிரகாஷ் ஊருக்குப் போனதும் நாச்சிமுத்துவை அழைத்தேன். நானே உண்மையை இணையத்தில் எழுதிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க அக்கா. எழுதுனாத் தம்பி படிப்பாருங்க. படிச்சா உங்களக் கையோட கூட்டீட்டுப் போயிருவாருங்க. அப்பறம் நான் யார் வீட்டுல போயிக் கொழம்பு சாப்புடறது?"

"நீங்க எப்பய்யா என் வீட்டுல சாப்பிட்டீங்க?"

"இனிமே சாப்புடலாமுன்னு இருக்கறனுங்க."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. முதல் இரண்டு மாதம் காமிராவையும் தூக்கிக்கொண்டு, "கொழாயை ஒருக்காப் பாத்துரலாமுங்க" என்று வந்தார். குழாய்க்கு ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாவது மாதம் வெறுங்கையோடு வந்தார். புளிக்குழம்பு என்றால் அவருக்கு உயிர். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்காருவார். பெரும்பாலும் பேச்சு இருக்காது. மின்விசிறி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். தனியாக உட்கார்ந்து கேட்டால் அதே மின்விசிறி எவ்வளவு சத்தம் போடும் என்று தனியாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நான்கு மணிக்கு எழுந்து, "வரட்டுங்களா" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னறைக் குளியலறையில் தினமும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர் காய்ந்துபோனால் நாற்றம் மேலே வரும் என்றார். அந்த அறைக்குள் நான் தினமும் கால் வைப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது என்று எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. அப்போது தோன்றவில்லை. வாசலில் நின்று, "அண்ணா எத்தன வருசமுங்க படுத்திருந்தாரு?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளில் என்னவெல்லாம் நடந்தது என்று முதல்முறையாக ஒருவரிடம் முழுக்கச் சொன்னேன். கடைசி மாதத்தில் நான் அவர்மேல் எரிந்து விழுந்ததையும் சொன்னேன். நாச்சிமுத்து ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எங்கூட்டுலயும் அவ தனியாத்தான் பாத்துக்கறா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போன் போட்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளும் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. பிரகாஷுக்கு வேலை மாறுகிறது, குழந்தைக்குப் பரீட்சை. நாச்சிமுத்துதான் இருக்கிறாரே, சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். எனக்குப் பிறகுதான் போவார் என்று சர்வ சாதாரணமாக நம்பியிருந்தேன்.

உடலைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், அறையைக் காலி செய்யச் சரஸ்வதி புனே வந்திருந்தார். நாமெல்லோரும் நம் தமிழ்ச் சங்க அறையில் கூடினோம். உங்களில் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். சந்தோஷ் எழுந்து இந்தியில் பேசியது நினைவிருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் சாஹேப் ஒரே ஒரு கதை சொல்வார் என்றார். 'வாகடில் விசாலம் மேடம் வீட்டில் ஒரு வாயைத் திறக்க மறந்தேன். ஒரு ஆள் குளித்ததும் வீடே மிதந்தது. நானே மறந்தேன் என்றால் நீயும் மறப்பாய். ஆகவே மூன்று முறை கேள்.' சாஹேப் தன் வாழ்நாளில் செய்த ஒரே தவறு அது என்று சொல்லி முடித்தார். நீங்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கனிவாகப் புன்னகை செய்தீர்கள். நான் தலை குனிந்திருந்தேன். துக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

கூட்டம் கலைந்தபோது சரஸ்வதி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்கூட்டுல அவரு பண்ணுன தப்பை எங்கிட்டயும் சொல்லியிருக்காருங்க அக்கா. பெரிய மனசு பண்ணி அதுக்கப்பறமும் அவுருக்குச் சோறு போட்டீங்க. அவுருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க."

மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. என் பொய்யைத் தன் வீட்டுக்குள்ளும் தன்னுடையதாகவே வைத்திருந்திருக்கிறார். அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். அறை முழுக்க ஆட்கள் இருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பிரகாஷை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டோர் ரூம், மூன்று முறை கேட்டது, கையெழுத்து, சொன்னேனே என்று சொன்னது. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்துக்கொண்டேன்.

"ஏன்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ என்னைக் கூட்டிட்டுப் போயிடுவே."

"இப்ப மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டேனா?"

"கூட்டிட்டுப் போ. ஆனா அந்த ரிவ்யூவை முதல்ல மாத்து."

"டிலீட் பண்ணிடறேன்."

"அழிக்காதே. மாத்தி எழுது. அவர் மறக்கல, எங்கம்மா பொய் சொன்னாங்கன்னு எழுது."

"எப்படிம்மா அப்படி எழுத முடியும்?" என்றான். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி வைத்துவிட்டான். அவன் எழுத மாட்டான் என்று தெரிந்துபோயிற்று. அதனால்தான் நான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அவன் என்ன முடிவோடு வருவான் என்று எனக்குத் தெரியாது. பெட்டி கட்டச் சொன்னால் இந்தமுறை சண்டை போடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் சமைப்பதும் இல்லை. சனிக்கிழமை மீந்ததைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாச்சிமுத்துவை அறிந்தவர்களே, அவர் எதையும் மறக்கவில்லை. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் பொய் சொன்னேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, இந்த வீட்டில் நான் இருந்த இந்த மூன்று ஆண்டுகளைத்தான். அவை அவர் கொடுத்தவை. அவருடைய தவறு என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பதை மட்டும் என் பெயரில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

சரஸ்வதி, இந்த இதழை உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாயே, அதை நான்தான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். "பரவாயில்லை" என்று நீ சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.